அதிவேக லேசர் என்றால் வேகமாக ஓடும் லேசர் இல்லை

2023 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு அறிவித்த அன்று சாயங்காலத்துக்குள் என் வாட்ஸ்அப்பில் மூன்று செய்திகள் வந்துவிட்டன. முதலாவது, "ஒளியைவிட வேகமான லேசர் கண்டுபிடிப்பு" என்றது. இரண்டாவது, "எலக்ட்ரானை ஃபோட்டோ எடுத்துவிட்டார்கள்" என்றது. மூன்றாவதை அனுப்பியவன் என் பழைய வகுப்புத் தோழன். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவன். "அட்டோ அட்டோ என்கிறார்களே, ஆட்டோவில் ஏறிப் போகிற எலக்ட்ரானாடா?" என்று கேட்டிருந்தான். மூன்றில் உருப்படியானது அவன் கேள்விதான்.

பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் மூன்று பேர்: ஆன் லூலியே, பியர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் க்ரௌஸ். இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் ஆன் லூலியேவின் பின்னால்தான் போகப்போகிறேன். அவர் இந்தத் துறைக்குள் வந்த பாதையும், இந்தத் துறை உருவான பாதையும் ஏறக்குறைய ஒன்று. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதும் பிடிபட்டுவிடும்.

## வேகம் எங்கே இருக்கிறது?

வெற்றிடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. தெருக்கடையில் வாங்கும் லேசர் பேனாவின் ஒளியும் அதே வேகம், கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஆய்வுக்கூட லேசரின் ஒளியும் அதே வேகம். வித்தியாசம் எரியும் நேரத்தில் இருக்கிறது. பேனாவின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது எரியும். அதிவேக லேசரோ விட்டு விட்டு எரிவது, ஒவ்வொரு தடவையும் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த நேரம். அப்படி வந்து மறையும் ஒரு துண்டு ஒளிக்குத் துடிப்பு என்று பெயர். துடிப்பு எவ்வளவு குட்டையோ, லேசர் அவ்வளவு 'அதிவேகம்'. "அதிகுறு லேசர்" என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்தே இருக்காது.

சரி, குட்டையான துடிப்பு எதற்கு? இருட்டறையில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்தால் வட்டமாக ஒரு மங்கல்தான் தெரியும். கேமரா ஃபிளாஷ் அடித்தால் மூன்று இறக்கைகளும் அப்படியே நின்றது போலத் தெரியும். ஃபேன் நிற்கவில்லை. ஃபிளாஷ் எரிந்து அணைந்த நேரத்துக்குள் இறக்கை பெரிதாக நகரவில்லை, அவ்வளவுதான். நகர்வது எவ்வளவு வேகமோ, அதைப் பிடிக்கும் ஃபிளாஷ் அவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும். இந்தத் துறைக்கு ஆதாரமே இந்த ஒரு எண்ணம்தான்.

## அட்டோ எவ்வளவு சின்னது?

நொடியை ஆயிரமாக வெட்டினால் மில்லிநொடி. அதை ஆயிரமாக வெட்டினால் மைக்ரோநொடி. அப்படியே நானோ, பிகோ, ஃபெம்டோ, கடைசியில் அட்டோ. ஒரு நொடிக்குள் இருக்கும் அட்டோநொடிகளை எழுத 1 போட்டு 18 சைபர் போட வேண்டும். பெயரும் அங்கிருந்துதான் வந்தது. டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் பதினெட்டுக்கு 'அட்டன்' என்பார்கள். ஃபெம்டோ, அதே மொழிகளின் பதினைந்து. என் தோழனின் ஆட்டோவுக்கும் இதற்கும் உறவில்லை.

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதை நொடிகளாக மாற்றி எண்ணினாலும், ஒரே ஒரு நொடிக்குள் இருக்கும் அட்டோநொடிகளில் பாதிகூட வராது. ஓர் அட்டோநொடியில் ஒளி போகும் தூரம் 0.3 நானோமீட்டர், ஏறத்தாழ ஒரு நீர் மூலக்கூறின் அகலம். இந்த எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இவ்வளவு சின்ன நேரத்தில் அசைவது எது? மூலக்கூறுக்குள் அணுக்கள் அசைவதும், பிணைப்பு அறுவதும் ஃபெம்டோநொடிக் கணக்கு. அதை லேசர் துடிப்புகளால் பின்தொடர்ந்து காட்டியதற்காக எகிப்தில் பிறந்த அகமது செவாய்லுக்கு 1999இல் வேதியியல் நோபல் கிடைத்தது. எலக்ட்ரான் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு லேசானது, அதனால் அதன் அசைவு இன்னும் வேகம். ஹைட்ரஜனில் எலக்ட்ரான் கருவை ஒருமுறை சுற்றிவரும் நேரம், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் பழைய மாதிரிப்படி, சுமார் 150 அட்டோநொடி. அந்த மாதிரி முழு உண்மை இல்லை. ஆனாலும் அளவு என்ன என்பதைச் சரியாகவே சொல்கிறது.

இதுவரை பார்த்தது: அதிவேக லேசரில் ஒளியின் வேகம் மாறுவதில்லை, துடிப்பின் நீளம்தான் குறைகிறது. அணுக்களைப் பிடிக்க ஃபெம்டோநொடி போதும். எலக்ட்ரானைப் பிடிக்க அட்டோநொடி வேண்டும்.

## நான்கைந்து அரிசி மணி

இன்னொரு தவறான எண்ணம், "சக்திவாய்ந்த லேசர்" என்றால் ஏகப்பட்ட ஆற்றலைக் கொட்டும் லேசர் என்பது. இங்கே ஆற்றலையும் திறனையும் பிரித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பது ஆற்றல். அதை எவ்வளவு சீக்கிரம் செலவழிக்கிறோம் என்பது திறன்.

நான்கைந்து அரிசி மணிகளைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்க ஏறத்தாழ ஒரு மில்லிஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு மில்லிஜூலை 30 ஃபெம்டோநொடிக்குள் செலவழித்தால், அந்தக் கணத்தில் திறன் 33,000 மெகாவாட். தமிழ்நாடு முழுவதற்கும் கோடைக்கால உச்ச மின்தேவை 20,000 மெகாவாட் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் துடிப்பை ஒரு லென்ஸால் முடியளவுப் புள்ளியில் குவித்தால், அங்கே ஒளியின் மின்புலம் அணுவுக்குள் எலக்ட்ரானைக் கட்டி வைத்திருக்கும் மின்புலத்தோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்கு வந்துவிடும். அரிசி மணியைத் தூக்கும் ஆற்றல், அணுவை உலுக்குகிறது.

ஒரு சிக்கல் உண்டு. இவ்வளவு திறனான துடிப்பைப் பெருக்கும்போது அது பெருக்கியையே பொசுக்கிவிடும். 1985இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும் இதற்கு வழி கண்டார்கள். துடிப்பை முதலில் நீளமாக இழுத்துவிடு, நீண்டதால் திறன் குறைந்திருக்கும், அந்த நிலையில் நிதானமாகப் பெருக்கு, கடைசியில் மறுபடி சுருக்கு. 2018 நோபல் பரிசில் பாதி இதற்காக. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு மாணவரின் கண்ணில் தற்செயலாக இப்படிப்பட்ட லேசர் பட்டது. காயத்தைப் பார்த்த கண் மருத்துவர், சுற்றியுள்ள திசு கெடாமல் அது அவ்வளவு துல்லியமாக இருந்ததைக் கண்டு வியந்தார். இன்றைய ஃபெம்டோநொடிக் கண் அறுவைச் சிகிச்சைக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

## பூங்காவில் நடப்பவர்கள்

துடிப்பைக் குட்டையாக்க விளக்கை வேகமாகப் போட்டு அணைத்தால் போதாதா? போதாது. எந்த மின் சுவிட்சுக்கும் அந்த வேகம் கிடையாது. வழி வேறு.

காலை நேரம் பூங்கா. வட்டப் பாதையில் பத்துப் பேர் நடக்கிறார்கள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு கட்டத்தில் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் உங்களைக் கடக்கிறார்கள். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வேகமென்றால் அந்தக் கும்பல் அப்படியே பல சுற்று வரும். அதே கும்பலில் மூட்டுவலித் தாத்தாவும் இருக்கிறார், ஓட்டப்பந்தய வீரரும் இருக்கிறார் என்றால்? உங்கள் முன்னால் ஒரு கணம் ஒன்றாகத் தெரிவார்கள், அடுத்த கணமே கலைந்துபோவார்கள்.

ஒளியலைகளிலும் இதுதான். ஒளியின் நிறம் என்பது அதன் அதிர்வெண், அதாவது அலை நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பது. பல நிறங்களை எடுத்து, ஒரு கணத்தில் எல்லா அலைகளின் முகடும் ஒன்றாக வரும்படி அடுக்கினால் அங்கே ஒரு துடிப்பு எழும். மற்ற நேரத்தில் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இருட்டாகிவிடும். நிறங்கள் எவ்வளவு விலகி விலகி இருக்கின்றனவோ, கும்பல் அவ்வளவு சீக்கிரம் கலையும், துடிப்பு அவ்வளவு குட்டையாகும். லேசர் என்றாலே ஒரே நிறம்தான் என்று படித்திருப்போம். அதிவேக லேசருக்கு அது பொருந்தாது. பல நிறங்கள் இல்லாமல் குட்டைத் துடிப்பே இல்லை.

இதற்கும் ஓர் எல்லை வருகிறது. இந்த ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்கும் டைட்டானியம்-சஃபையர் லேசரின் அலைநீளம் சுமார் 800 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டிய அகச்சிவப்பு. அந்த அலை ஒருமுறை ஏறி இறங்க 2.7 ஃபெம்டோநொடி ஆகிறது. ஒரு முழு அலைகூட இல்லாமல் துடிப்பு எப்படி இருக்கும்? ஆகவே இந்த ஒளியைப் பிழிந்து பிழிந்து குட்டையாக்கினாலும் இரண்டு மூன்று ஃபெம்டோநொடி அருகில் வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே போக, அலையே குட்டையாக இருக்கும் ஒளி வேண்டும், புறஊதாவுக்கும் அப்பால். அந்த ஒளியில் பல நிறங்களை ஒழுங்காக அடுக்கித் தரும் லேசர் அப்போது எங்கும் இல்லை.

## சாக்லே, 1987

ஆன் லூலியே 1958இல் பாரிசில் பிறந்தவர். விரும்பிப் படித்தது கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும். ஆய்வுப் பட்டத்துக்கு வரும்போது சோதனைக்கூடத்துக்கு மாறினார். தாளும் பேனாவும் போதும் என்றிருந்தவர், பாரிசுக்கு அருகே சாக்லேயில் உள்ள அணுசக்தி ஆய்வு மையத்தில் வெற்றிடக் குழாய்களோடும் லேசரோடும் வேலை செய்யத் தொடங்கினார். இந்த இரட்டைப் பழக்கம்தான் அவருக்குப் பிற்பாடு கைகொடுத்தது என்பது என் கணிப்பு.

அவருடைய ஆய்வுத் தலைப்பு, பலமான லேசர் ஒளி ஒரே அணுவிலிருந்து பல எலக்ட்ரான்களைப் பிடுங்குவது பற்றியது. ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது, அந்தப் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் போதவில்லை என்றால் எலக்ட்ரான் வெளிவராது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் பலவற்றை ஒரே கணத்தில் கொடுத்தால் வரும். டீ விலை 15 ரூபாய், கையில் ஐந்து ரூபாய் நாணயங்கள், கடையில் கடன் கிடையாது. மூன்றையும் சேர்த்து மேசையில் வைத்தால்தான் டீ. இரண்டு ஃபோட்டான்களை அணு ஒரே நேரத்தில் விழுங்கலாம் என்று மரியா கெப்பர்ட் மேயர் 1931லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். லேசர் பிறந்ததோ 1960இல். கணக்கை முழுதாகச் சோதித்துப் பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1986இல் பட்டம் வாங்கி, அங்கேயே நிரந்தர வேலையிலும் சேர்ந்தார் லூலியே. அடுத்த ஆண்டு அந்தக் குழு, ஆர்கான் போன்ற மந்த வாயுக்களுக்குள் 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைக் குவித்தது. அவர்கள் தேடியது வேறொன்று. கிளர்ச்சியடைந்த அணுக்கள் பிறகு தணியும்போது விடும் ஒளிர்வைத்தான் பார்க்க நினைத்தார்கள். கண்ணில் பட்டது மேற்சுரங்களின் வரிசை.

தம்புராவின் தந்தியை மீட்டினால் ஆதார சுருதி மட்டும் கேட்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களும் மெல்லியதாகக் கூடவே ஒலிக்கும், அவைதான் மேற்சுரங்கள். அந்த நாதத்தின் செழுமையே அதனால்தான். ஒளியிலும் இப்படி மடங்கு அதிர்வெண்கள் வரும், அவற்றை ஹார்மோனிக் என்பார்கள். 1961இல் மிச்சிகனில் பீட்டர் ஃபிராங்கனின் குழு, சிவப்பு ரூபி லேசரை ஒரு குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, இரண்டு மடங்கு அதிர்வெண்ணுள்ள புறஊதா ஒளியைப் பெற்றது. அதற்குச் சாட்சி, ஒளிப்படத் தட்டில் விழுந்த ஒரு சின்னஞ்சிறு புள்ளி. கட்டுரையை அச்சிட்ட இதழ்க்காரர்கள் அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள்! வெளிவந்த படத்தில் அம்புக்குறி இருக்கிறது, புள்ளி இல்லை.

ஒளி பொருளில் பட்டு நிறம் மாறுவது நமக்குக் கேள்விப்படாத விஷயம் இல்லை. 1928இல் சி. வி. ராமன் காட்டியதும் அதைத்தான். ஆனால் ராமன் விளைவில் நிறம் கொஞ்சம்தான் நகரும், சாதாரண ஒளியிலேயே நடக்கும். ஹார்மோனிக்கில் ஒரே தாவலில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அதற்குப் பலமான ஒளி கட்டாயம்.

சாக்லேயில் வியப்பு என்னவென்றால், தாவல் எங்கே நிற்கிறது என்பதுதான். மேற்சுரம் உயர உயர மெலிந்துகொண்டே போகும் என்பது அதுவரை எல்லாரும் எதிர்பார்த்தது. மூன்றாவது இருக்கும், ஐந்தாவது மங்கும், ஏழாவதைத் தேட வேண்டியிருக்கும். அப்படித்தான் முதலில் குறைந்தது. பிறகு குறைவது நின்றுவிட்டது. அடுத்தடுத்த மேற்சுரங்கள் ஏறத்தாழ சம பலத்தோடு வந்துகொண்டே இருந்தன, ஆர்கானில் 33ஆவது வரை. மலை ஏறி இறங்குவோம் என்று போனவர் வழியில் ஒரு பீடபூமியில் நடப்பது போல. இதற்குப் பீடபூமி என்றே பெயரும் நிலைத்துவிட்டது. 1,064 நானோமீட்டரை 33ஆல் வகுத்தால் 32 நானோமீட்டர், தீவிரப் புறஊதா. அதே காலத்தில் சிகாகோவில் ஒரு குழுவும், வேறு வகை லேசரைக் கொண்டு, உயர்ந்த மேற்சுரங்களைக் கண்டிருந்தது.

அந்த ஒளியால் என்ன பயன், அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. லூலியே பிடித்த பிடியை விடவில்லை. அமெரிக்காவில் சில காலம், அங்குள்ள லிவர்மோர் ஆய்வுக்கூடத்துக் கோட்பாட்டாளர்களோடு கூட்டுக் கணக்குகள், திரும்பவும் சோதனை என்று போனார். ஓர் அணு விடும் ஒளி போதாது, வாயுவில் இருக்கும் எண்ணற்ற அணுக்களின் ஒளியும் கும்மியில் கைத்தட்டல் விழுவது போல ஒரே தாளத்தில் சேர வேண்டும். அதை எப்படி ஒழுங்கு செய்வது என்பதில் அவர் காட்டிய பொறுமையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. 1992இல் தெற்கு ஸ்வீடனில் உள்ள லுண்டுக்கு ஒரு சோதனைக்காகப் போனார். ஐரோப்பாவின் முதல் டைட்டானியம்-சஃபையர் ஃபெம்டோநொடி லேசர் அமைப்புகளில் ஒன்று அங்கே வந்திருந்தது. பிறகு சாக்லேயின் நிரந்தர வேலையை விட்டுவிட்டு அங்கேயே குடியேறினார். 1995இல் விரிவுரையாளர், 1997இல் பேராசிரியர்.

## அலையும் செருப்பும்

பீடபூமி ஏன் வருகிறது? 1993இல் கனடாவின் பால் கார்க்கமும், தனியாக லிவர்மோரில் கெனத் குலாண்டர் குழுவும் தந்த விளக்கம் மூன்று படிகளில் முடிந்துவிடுகிறது.

கடற்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறீர்கள். ஓர் அலை வந்து அதை உள்ளே இழுத்துப் போகிறது. அடுத்த அலை அதைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் பொத்தென்று எறிகிறது. போனபோது இருந்ததைவிட வரும்போது வேகம் அதிகம்.

அணுவில் எலக்ட்ரான்தான் செருப்பு, லேசரின் மின்புலம்தான் அலை. முதல் படி: புலம் உச்சத்தில் இருக்கும்போது எலக்ட்ரானை அணுவிலிருந்து இழுத்துவிடுகிறது. இரண்டாம் படி: ஒளியின் மின்புலம் திசை மாறிக்கொண்டே இருப்பது, ஆகவே வெளியே போன எலக்ட்ரானைத் திருப்பி, முடுக்கி, அணுவை நோக்கித் தள்ளுகிறது. மூன்றாம் படி: திரும்பி வந்த எலக்ட்ரான் பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வழியில் சேர்த்த ஆற்றல் முழுவதையும் ஒரே ஃபோட்டானாக விட்டுவிடுகிறது. வாங்கியது பல அகச்சிவப்பு ஃபோட்டான்கள், கொடுத்தது ஒரு தீவிரப் புறஊதா ஃபோட்டான். அடுத்த ஆண்டே இதற்குக் குவாண்டம் கணக்கை முறையாக எழுதியவர்களில் லூலியேவும் கார்க்கமும் இருந்தார்கள்.

உவமை ஓரிடத்தில் பிசகும். செருப்பு ஒரே இடத்தில் இருக்கும் பொருள். எலக்ட்ரானோ அலை போலப் பரவியது, அதன் ஒரு பகுதி மட்டும் வெளியே போய் வருகிறது, மீதி அணுவிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது நேரத்தை. எலக்ட்ரான் போய்த் திரும்பி மோதும் இந்த நாடகம் லேசர் அலையின் ஒரே ஏற்ற இறக்கத்துக்குள், அதாவது 2.7 ஃபெம்டோநொடிக்குள் முடிந்துவிடுகிறது. மோதி ஒளி விடும் கணம் அதிலும் ஒரு சின்னப் பகுதி, சில நூறு அட்டோநொடி. ஆக, பீடபூமியில் வரிசையாக நிற்கும் மேற்சுரங்கள்தான் முன்பு நாம் தேடிய விலகி விலகி நிற்கும் நிறங்கள். அவற்றின் முகடுகள் ஒரே கணத்தில் சேர்ந்தால் அட்டோநொடித் துடிப்பு தானாகக் கிடைத்துவிடும். அதுவும் அலை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை உச்சம் தொடுவதால், 1.3 ஃபெம்டோநொடிக்கு ஒன்றாக, ரயில் பெட்டிகள் போலத் தொடர்ச்சியாக.

சுருக்கமாக: பலமான லேசர் எலக்ட்ரானை அணுவிலிருந்து இழுத்து, திருப்பி மோத வைக்கிறது. மோதலில் பிறக்கும் மேற்சுரங்கள் ஒன்றுசேர்ந்தால் அட்டோநொடித் துடிப்பு. லேசர் இங்கே கருவி, துடிப்பைச் செய்து தருவது அணுவே.

## இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஒன்றுசேர்ந்தால் என்று சொன்னேன். உண்மையிலேயே சேர்கின்றனவா? 1987க்கும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததற்கும் நடுவே 14 ஆண்டுகள். அளக்க எந்தக் கடிகாரமும் இல்லை என்பதுதான் தடை.

கடிகாரமாக ஒளியையே வைத்துக்கொண்டார்கள். அட்டோநொடித் துடிப்பை ஒரு வாயுவில் விட்டால் அது எலக்ட்ரான்களை வெளியேற்றும். கூடவே முதல் அகச்சிவப்பு ஒளியையும் விட்டால், அதன் மின்புலம் அந்த எலக்ட்ரான்களைக் கொஞ்சம் தள்ளியோ இழுத்தோ விடும். அலையின் எந்தக் கட்டத்தில் எலக்ட்ரான் பிறந்தது என்பதைப் பொறுத்துத் தள்ளல் மாறும். அலையின் ஏற்ற இறக்கம்தான் கடிகார முள். 2001இல் பாரிசுக்கு அருகே அகோஸ்தினியின் குழு இப்படித்தான் ஒவ்வொன்றும் 250 அட்டோநொடி நீளமுள்ள துடிப்புத் தொடரை அளந்தது. அந்த முறையின் நீண்ட பெயரைச் சுருக்கினால் ஆங்கிலத்தில் முயல் என்று வரும், இயற்பியலாளர்களுக்கு இப்படிப்பட்ட விளையாட்டில் அலாதி ஆசை. அதே ஆண்டு வியன்னாவில் க்ரௌஸ் குழு தொடரிலிருந்து ஒரே ஒரு பெட்டியைக் கழற்றி எடுத்தது, 650 அட்டோநொடி. பிற்பாடு லுண்டிலும் மற்ற இடங்களிலும் இது இறங்கிக்கொண்டே போய், 2017இல் சூரிக்கில் 43 அட்டோநொடியைத் தொட்டது.

இரண்டு துடிப்புகளுக்கு இடையே இடைவெளி வைப்பது எப்படி என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். நூறு அட்டோநொடி தாமதிக்கும் பொத்தானா இருக்கிறது? அங்கேதான் 0.3 நானோமீட்டர் வருகிறது. ஒரு துடிப்பைக் கண்ணாடியில் பட்டுத் திரும்ப விடுங்கள். கண்ணாடியை 15 நானோமீட்டர் பின்னால் நகர்த்துங்கள். ஒளி போகும்போது 15, வரும்போது 15, மொத்தம் 30 நானோமீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும், 100 அட்டோநொடி தாமதமாகிவிடும். நேரத்தை ஸ்கேலால் அளக்கிறார்கள்! அதனால்தான் இந்த ஆய்வுக்கூடங்களின் மேசைகள் அதிராமல் மிதப்பதும், அறையின் வெப்பநிலை மாறாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

## கேமராவா, ஸ்டாப்வாட்ச்சா?

"எலக்ட்ரானை ஃபோட்டோ எடுத்தார்கள்" என்பதற்கு வருவோம். எலக்ட்ரான் ஓடுகிற கோலிக்குண்டு மாதிரி ஒரு படம் எங்கும் எடுக்கப்படவில்லை. ஒரு துடிப்பு நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கிறது, இன்னொன்று சற்றுப் பின்னால் போய் என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறது. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இதையே லட்சக்கணக்கான தடவை திரும்பச் செய்து, விடையைத் தொகுக்கிறார்கள். கேமராவைவிட இது ஸ்டாப்வாட்ச்சுக்குத்தான் நெருக்கம். ஃபேன் உவமையைச் சொன்னது நான்தான், அது இதுவரைக்கும்தான் தாங்கும்.

அந்த ஸ்டாப்வாட்ச்சால் என்ன கிடைத்தது? ஐன்ஸ்டீன் 1905இல் விளக்கிய ஒளிமின் விளைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி பட்டதும் எலக்ட்ரான் வெளிவருகிறது. இரண்டுக்கும் நடுவே காலதாமதம் இல்லை என்று பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தோம். 2010இல் க்ரௌஸ் குழு நியான் அணுவை எடுத்துப் பார்த்தது. நியானின் வெளிக்கூட்டில் இரண்டு அடுக்குகள். ஒரே துடிப்பால் இரண்டிலிருந்தும் எலக்ட்ரான்கள் கிளம்பின. ஒன்று மற்றதைவிட 21 அட்டோநொடி பிந்தி வந்தது.

உடனே கோட்பாட்டாளர்கள் கணக்குப் போட்டார்கள். தாமதம் இருக்க வேண்டியதுதான், ஆனால் இவ்வளவு இருக்கக் கூடாது என்று வந்தது. எந்தக் கணக்கைப் போட்டாலும் குறைவாகவே வந்தது. சோதனை தவறா, கணக்கு தவறா? ஏழு ஆண்டுகள் இந்த இழுபறி.

2017இல் லுண்டில் லூலியேவின் குழு விடுவித்தது. இங்கே ஒரு நுணுக்கம். துடிப்பு எவ்வளவு குட்டையோ, அதில் அவ்வளவு நிறங்கள் கலந்திருக்கும், பூங்காவில் பார்த்தோமே. நிறம் கலந்தால் ஆற்றலும் கலங்கும், நெருங்கிய ஆற்றலுள்ள எலக்ட்ரான்களைப் பிரித்தறிய முடியாது. லுண்ட் குழு ஒற்றைத் துடிப்புக்குப் பதில் துடிப்புத் தொடரை எடுத்தது. தொடரில் நிறங்கள் சீப்பின் பற்கள் போலத் தனித்தனியாக நிற்கும், ஆகவே நேரமும் தெரியும், ஆற்றலும் தெரியும். அப்படிப் பார்த்தபோது, கூட்டத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் ஒளிந்திருந்தது தெரிந்தது. சில அணுக்களில் ஓர் எலக்ட்ரான் வெளியேறும் அதே நேரத்தில் இன்னொன்று உள்ளேயே மேல் நிலைக்குத் தாவியிருந்தது. அந்த எலக்ட்ரான்கள் முதல் சோதனையில் மற்றவற்றோடு கலந்து தாமதத்தைக் கூட்டிக் காட்டியிருந்தன. பிரித்துவிட்டுப் பார்த்தால் கணக்கும் சோதனையும் ஒத்துப்போயின.

2023 அக்டோபர் 3 அன்று காலை லூலியே லுண்டில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஃபோனைப் பார்த்தால் ஸ்டாக்ஹோமிலிருந்து அழைப்பு. பேசிவிட்டுத் திரும்பிப் போய் மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தார். அந்தக் கடைசி அரைமணி நேரம்தான் சிரமமாக இருந்தது என்று பிறகு சொன்னார். இயற்பியல் நோபல் பெற்ற பெண்களில் அவர் ஐந்தாமவர். இரண்டாமவர், டீக்கடை நாணயங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுவைத்த கெப்பர்ட் மேயர்.

இதையெல்லாம் என் தோழனுக்கு ஃபோனில் அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "அப்போ காலதாமதம் இல்லை என்பது தப்பா?" என்றான். "சில அட்டோநொடி அளவுக்குத் தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி, பசங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் பரீட்சையில் 'இல்லை' என்றே எழுதச் சொல்லப்போகிறேன். மார்க் போய்விடும்."